காலிப் புட்டிக்கு யார் சொந்தக்காரர்?

சில தினங்களுக்கு முன் திருநெல்வேலிக் குறுக்குத்துறைக்குப் போயிருந்தோம். வெள்ளம் வரும்போதெல்லாம் முழுகி எழுந்தும், ஆற்றை விட்டு அசையமாட்டேன் என்று அங்கேயே கோயில் கொண்டிருக்கும் முருகப் பெருமானைத் தரிசித்துவிட்டுக் கரையேறினோம். வெயில் ஏறிவிட்டது. வழியில் இருந்த பெட்டிக் கடையில் ஒரு கோலி சோடாவும், பிரயாணத்துக்கு வேண்டியிருக்குமே என்று ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டி ஒன்றும் வாங்கினோம். சோடாவைக் குடித்துக்கொண்டே, பேச்சு சுவாரஸ்யத்தில் நாலு அடி நடந்துவிட்டோம் போலிருக்கிறது. பின்னாலிருந்து ஒரு குரல் எழுந்தது.

"அண்ணாச்சி! புட்டியக் குடுத்துட்டுப் போங்க!"

திரும்பிப் பார்த்தோம். கடைக்காரருடைய கண் நம் வலது கையில் இருந்த சோடாப் புட்டியின் மீதே நிலைத்திருந்தது. அதை அவரிடம் ஒப்புவித்துவிட்டு, இடது கையில் இருந்த தண்ணீர்ப் புட்டியைக் காட்டி, "இதுவும் காலியானதும் கொண்டுவந்து தரட்டுமா?" என்று வேடிக்கையாகக் கேட்டோம்.

"அது எனக்கு எதுக்கு அண்ணாச்சி? அத வச்சு நான் என்ன செய்ய?" என்றார் அவர்.

நியாயமான பதில்தான். ஆனாலும் அந்தப் பதில் நம்மை மறுபடியும் படித்துறைக்கே இழுத்துக்கொண்டு போயிற்று. முதல் தடவை முருகனைப் பார்த்த கண்களால் இந்தத் தடவை கரையைப் பார்த்தோம். நாணலுக்கு இடையிலும், படிகளின் இடுக்கிலும், கரையோரத்துச் சேற்றிலும் பிளாஸ்டிக் புட்டிகள் கிடந்தன. எண்ண ஆரம்பித்துப் பாதியிலேயே விட்டுவிட்டோம். கோலி சோடாப் புட்டி ஒன்றுகூட அங்கே கிடக்கவில்லை.

இரண்டு புட்டிகளும் ஒரே கடையில் விற்றவை. இரண்டையும் வாங்கியவர்களும் ஒரே ஜனங்கள். ஒன்று கடைக்குத் திரும்பிப் போகிறது. மற்றொன்று ஆற்றுக்குப் போகிறது. இது ஏன் என்பதுதான் இந்த வாரம் நாம் நேயர்களுடன் சேர்ந்து யோசிக்க விரும்பும் விஷயம்.

* * *

"ஜனங்களுக்குப் பொறுப்பில்லை, படிப்பினை இல்லை, தெய்வ பக்தி இருந்தும் நதி பக்தி இல்லை" என்று சொல்லிவிடுவது சுலபம். நாமும் அப்படிச் சொல்லியிருக்கிறோம். ஆனால் பொறுப்பில்லாத அதே ஜனங்கள் சோடாப் புட்டியை மட்டும் ஏன் ஒழுங்காகத் திருப்பிக் கொடுக்கிறார்கள்? காரணம் ஒன்றுதான். சோடாப் புட்டி காலியான பிறகும் அதற்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். தண்ணீர்ப் புட்டி காலியானதும் அநாதையாகிவிடுகிறது.

கோலி சோடாப் புட்டியின் சரித்திரம் வேடிக்கையானது. 1870-களில் ஹைரம் காட் என்னும் ஆங்கிலேயர் கண்டுபிடித்த வடிவம் அது. கழுத்துக்குள் ஒரு கண்ணாடிக் கோலி. உள்ளேயிருக்கும் வாயு அதை மேலே தள்ளி, ரப்பர் வளையத்தோடு சேர்த்து அழுத்தி, புட்டிக்குத் தானே மூடியாகிறது. கண்டுபிடித்தவருடைய தேசத்தில் அது காட்சிசாலைக்குப் போய்விட்டது. நம்முடைய ஊர்களிலோ இன்றும் அதைப் பெருவிரலால் தட்டிக் குடிக்கிறோம். உள்ளே இருக்கும் சோடாவைக் காட்டிலும் வெளியே இருக்கும் புட்டிக்கு விலை அதிகம். ஆகவே, சோடாக்காரர் விற்பது சோடாவை மட்டுமே. புட்டியை அவர் விற்பதில்லை, இரவல் கொடுக்கிறார். விருதுநகரில் 1916-ம் வருஷத்தில் ஆரம்பித்த காளிமார்க் கம்பெனியாரின் பானங்களும் நெடுங்காலம் இந்த முறையில்தான் ஊர் ஊராகப் போய் வந்தன. பெட்டியில் நிறைந்து போன புட்டிகள் அதே பெட்டியில் காலியாகத் திரும்பி வந்து, கழுவப்பட்டு, மறுபடியும் நிறைந்து புறப்பட்டன. கல்யாண வீட்டுக்குக் 'கலர்' வாங்கிய பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். தாலி கட்டி முடிந்ததும் அவர்களுடைய முதல் கவலை காலிப் புட்டிகளை எண்ணுவதாகவே இருந்திருக்கும்.

சென்னைப் பட்டணத்தில் ஆவின் பால் கண்ணாடிப் புட்டியில் வந்த காலத்தை நினைவு வைத்திருக்கும் நேயர்கள் பலர் உண்டு. விடியற்காலையில் காலிப் புட்டியை நீட்டினால்தான் நிறைந்த புட்டி கைக்கு வரும். முதல் நாள் புட்டியை உடைத்துவிட்ட பிள்ளைக்கு மறுநாள் காப்பி கிடைக்குமுன் வேறு சில கிடைக்கும்.

இதெல்லாம் பழங்கதை என்று தள்ளிவிட வேண்டாம். நேயர்களுடைய சமையலறையிலேயே இன்றைக்கும் இந்த முறை நடந்துகொண்டிருக்கிறது. காஸ் சிலிண்டரைப் பாருங்கள். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றுக்குக் கட்டவேண்டிய டெபாசிட்டை 2022 ஜூன் மாதத்தில் 1,450 ரூபாயிலிருந்து 2,200 ரூபாயாக உயர்த்தினார்கள். சிலிண்டர் காலியானதும் அதைத் தாமிரபரணியில் உருட்டிவிட்ட குடும்பஸ்தர் யாரையாவது நேயர்கள் கண்டதுண்டா? இருபது லிட்டர் தண்ணீர் கேனும் அப்படியே. முதல் தடவை கேனுக்கென்று ஒரு தொகை கொடுக்கிறோம். பிறகு காலிக் கேனை வாசலில் வைத்து நிறைந்த கேனை வாங்கிக் கொள்கிறோம். உள்ளே இருப்பது அதே தண்ணீர். இருபது லிட்டராக வந்தால் பாத்திரம் திரும்புகிறது. ஒரு லிட்டராக வந்தால் திரும்புவதில்லை! ஆகையால் குற்றம் முழுவதையும் ஜனங்களின் குணத்தின் மேல் சுமத்துவது சரியல்ல. பாத்திரத்தின் மேல் யாருடைய பணமாவது பாக்கி நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

* * *

நம் நாட்டில் எந்தப் பொருளையும் வீணாகத் தூக்கி எறியும் வழக்கம் இருந்ததில்லை. காந்தி மகான் தமக்கு வந்த கடித உறைகளைப் பிரித்து, அவற்றின் உட்புறத்தில் எழுதினார். அவ்வளவு தூரம் போவானேன்? "பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்!" என்று தெருவில் கூவிக்கொண்டு வந்தவரை மறந்துவிட்டோமா? ஓட்டை வாளியை அவரிடம் கொடுத்துப் பேரீச்சம்பழம் வாங்கித் தின்ற பிள்ளைகளுக்குச் சுற்றுப்புறச் சுகாதாரத்தைப் பற்றி யாரும் உபந்நியாசம் செய்யவில்லை. பழத்தின் ருசியே போதுமானதாயிருந்தது. சில சமயங்களில் ஓட்டையில்லாத வாளியும் போய்விட்டது என்பது வேறு விஷயம்.

திருப்பிக் கொடுக்க வேண்டாத பாத்திரங்களும் நம்மிடம் இருந்தன. நெல்லை அல்வாவை வாழையிலையில் மடித்துக் கொடுத்தார்கள். கருப்பட்டியும் மிட்டாயும் பனை ஓலைக் கொட்டானில் வந்தன. இலைக்கு டெபாசிட் எதற்கு? தெருவில் போகிற மாடு அதை வட்டியும் முதலுமாக வாங்கிக்கொள்ளும். ஆகவே அந்த நாளில் பாத்திரங்கள் இரண்டே ஜாதி: ஒன்று கடைக்குத் திரும்பும், மற்றொன்று மண்ணுக்குத் திரும்பும். எங்கும் திரும்பாத மூன்றாவது ஜாதி ஒன்றை நம் காலத்தில்தான் உண்டாக்கியிருக்கிறோம்.

அந்த மூன்றாவது ஜாதி தாமிரபரணியை வந்து அடையும்போது விபரீதம் பெரிதாகிறது. பொதிகையில் பிறந்து, பாபநாசத்தில் மலையிறங்கி, அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி, திருநெல்வேலி என்று வயல்களுக்கு நீர் வார்த்துக்கொண்டு வந்து, ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டைத் தாண்டிப் புன்னைக்காயலில் கடலோடு கலக்கிறது இந்த நதி. சுமார் 128 கிலோ மீட்டர் நீளமுள்ள இந்த ஆறு தமிழ் நாட்டிலேயே பிறந்து தமிழ் நாட்டிலேயே கடலைச் சேர்கிறது. இதன் தண்ணீர் விஷயத்தில் அண்டை ராஜ்யத்தாரைக் குற்றம் சொல்ல வழியில்லை. நல்லதும் கெட்டதும் நம்முடைய கைவேலைதான். திருநெல்வேலிக்கு மட்டுமல்ல, தூத்துக்குடிக்கும் குடிதண்ணீர் கொடுக்கும் ஆறு இது. குறுக்குத்துறையில் நாம் எறிகிற புட்டி, கீழே யாரோ ஒருவர் குடம் முகக்கிற துறைக்குத்தான் போய்ச் சேரும்.

இந்த நதியின் தண்ணீரைப் பற்றி ஒரு பெரிய வழக்கும் நடந்தது நேயர்களுக்கு ஞாபகமிருக்கலாம். கங்கைகொண்டானில் உள்ள குளிர்பானத் தொழிற்சாலைகளுக்குத் தாமிரபரணி நீரைக் கொடுக்கக்கூடாது என்று ஹைகோர்ட்டின் மதுரைக் கிளைக்குப் போனார்கள். 2016 நவம்பரில் இடைக்காலத் தடை கிடைத்தது. 2017 மார்ச்சில் அந்த வழக்குகள் தள்ளுபடியாகித் தடையும் நீங்கிற்று. தண்ணீர் யாருக்குச் சொந்தம் என்று அப்போது ஊரெல்லாம் பேசினோம். பேச வேண்டிய கேள்விதான். ஆனால் அதே மூச்சில், புட்டி யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியையும் உரக்கக் கேட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். ஆற்று நீரை எடுத்துப் புட்டியில் அடைத்து விற்கலாம் என்றால், அந்தப் புட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் கடமையும் விற்றவர்களுக்குக் கூடவே வரவேண்டாமா?

தமிழ் நாட்டு சர்க்கார் 2019 ஜனவரி 1-ந் தேதி முதல் ஒரு முறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் சாமான்கள் பலவற்றைத் தடை செய்தார்கள். 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தையும் ஆரம்பித்தார்கள். இரண்டும் நல்ல காரியங்கள். ஆனால் தண்ணீர்ப் பாக்கெட்டு அந்தத் தடைக்குள் அகப்பட்டுக் கொண்டது. தண்ணீர்ப் புட்டி அகப்படவில்லை. மஞ்சள் பையில் மளிகைச் சாமான் வாங்கலாம். தண்ணீர் வாங்க முடியுமோ?

* * *

பின் என்னதான் வழி? வழி நீலகிரி மலையில் ஏற்கெனவே கண்டுபிடிக்கப்பட்டு விட்டது. ஆனால் அது கிடைத்த இடம் சற்று சங்கடமான இடம், சாராயக் கடை!

மலைக்கு வருகிறவர்கள் குடித்துவிட்டுப் புட்டிகளைக் காட்டில் வீசினார்கள். உடைந்த கண்ணாடி காட்டு மிருகங்களின் காலைக் கிழித்தது. யானையின் பாதம் பெரிதுதான். ஆனால் கண்ணாடித் துண்டுக்கு முன்னால் அதுவும் மெல்லிய தோல்தான். விஷயம் சென்னை ஹைகோர்ட்டுக்குப் போயிற்று. கோர்ட்டார் சொன்னதன் பேரில், 2022 மே மாதம் 15-ந் தேதியிலிருந்து நீலகிரி ஜில்லாவின் டாஸ்மாக் கடைகளில் புட்டிக்குப் பத்து ரூபாய் அதிகமாக வாங்கினார்கள். காலிப் புட்டியைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் திரும்பக் கிடைக்கும். அவ்வளவுதான் திட்டம். புதிய இயந்திரம் ஒன்றும் வரவில்லை. நல்லொழுக்கப் பிரசாரமும் நடக்கவில்லை. விற்ற புட்டிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் திரும்பி வர ஆரம்பித்தன. பிறகு ஒவ்வொரு ஜில்லாவாக இந்த ஏற்பாடு பரவியது. அண்டையிலுள்ள கேரளத்திலும் 2025 செப்டம்பரில் திருவனந்தபுரம், கண்ணூர் ஜில்லாக்களின் சில கடைகளில், இருபது ரூபாய் டெபாசிட்டுடன் இதைச் சோதனையாக ஆரம்பித்தார்கள்.

சாராயப் புட்டியே இல்லாமற் போனால் உத்தமம் என்பது நம்முடைய அபிப்பிராயம். அது தனி விவகாரம். இங்கே கவனிக்க வேண்டியது, பத்து ரூபாய் செய்த வேலையை. நிதானம் இழந்த மனிதனும்கூடப் பத்து ரூபாயை நிதானமாக ஞாபகம் வைத்துக்கொள்கிறான் என்றால், தெளிந்த புத்தியோடு தண்ணீர் குடிக்கும் நாம் அதைச் செய்யமாட்டோமா?

கோயில்களுக்குப் போகும் வழியிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் உள்ள வெள்ளியங்கிரி மலையில், ஏழு மலைகளையும் ஏறப் போகும் பக்தர்களிடம் வன இலாகாச் சிப்பந்திகள் பிளாஸ்டிக் புட்டிக்கு ஒரு சீட்டு ஒட்டி, இருபது ரூபாய் வாங்கி வைத்துக்கொண்டார்கள். இறங்கி வரும்போது புட்டியைக் காட்டினால் பணம் திரும்பக் கிடைத்தது. இமயத்தில் கேதார்நாத் யாத்திரை வழியிலும் 2022-ல் பத்து ரூபாய் டெபாசிட் முறையைக் கொண்டு வந்தார்கள். யாத்திரைக்குப் போகிறவர்கள் பாவத்தை மலையில் விட்டுவிட்டு வரலாம். புட்டியை விட்டுவிட்டு வரவேண்டியதில்லை.

* * *

ஆனால் இந்த ஏற்பாட்டில் சங்கடமே இல்லை என்று சொன்னால் அது நேயர்களை ஏமாற்றுவதாகும். மூன்று விஷயங்களை முன்கூட்டியே யோசித்துக்கொள்வது நல்லது.

முதலாவது, வேலை யாருடையது? டாஸ்மாக் கடைச் சிப்பந்திகள் 2025-ல் இந்தத் திட்டத்தை ஆட்சேபித்துப் போராட்டம் நடத்தினார்கள். சீட்டு ஒட்டுவதும், புட்டியை வாங்கி எண்ணுவதும், அடுக்கி வைக்க இடம் தேடுவதும் தங்கள் தலையில் விழுகிறது என்றார்கள். அதில் நியாயம் உண்டு. நம்முடைய குறுக்குத்துறை அண்ணாச்சியின் பெட்டிக் கடையில் அவர் உட்காருவதற்கே இடம் போதவில்லை. நூறு காலிப் புட்டிகளை அவர் எங்கே வைப்பார்? ஆகவே புட்டி ஒன்றுக்கு இவ்வளவு என்று அவருக்கும் ஒரு கூலி கொடுக்க வேண்டும். அந்தக் கூலியைக் கொடுக்க வேண்டியவர் தண்ணீரை அடைத்து விற்கிற முதலாளி. நிறைந்த புட்டியை இறக்க வருகிற வண்டி காலிப் புட்டியை ஏற்றிக்கொண்டு போகட்டும். சோடா வண்டி செய்ததைத் தண்ணீர் வண்டி செய்ய முடியாதா?

இரண்டாவது, திரும்பி வராத புட்டியின் பணம் யாரைச் சேருவது? அது விற்றவரிடமே தங்கிவிடுமானால், புட்டி திரும்பாமல் இருப்பதே அவருக்கு லாபமாகிவிடும். திருடனிடமே சாவியைக் கொடுத்தது போலாகும். அந்தப் பணம் தனிக் கணக்கில் சேர்ந்து, பகிரங்கமாக வெளியிடப்பட்டு, ஆற்றைச் சுத்தம் செய்யும் காரியத்துக்கே செலவாக வேண்டும்.

மூன்றாவது, தொகை எவ்வளவு? இதற்கு அமெரிக்காவில் ஆரிகன் ராஜ்யத்தின் அநுபவம் நல்ல பாடம். அந்த நாட்டிலேயே முதன் முதலாக 1971-ல் புட்டிச் சட்டம் செய்தவர்கள் அவர்கள். புட்டிக்கு ஐந்து சென்ட் டெபாசிட். விலைவாசி ஏறிக்கொண்டே போயிற்று. ஐந்து சென்ட் மட்டும் ஐந்து சென்டாகவே இருந்தது. நாளடைவில், "ஐந்து சென்டுக்காக யார் நடப்பது?" என்று ஜனங்கள் புட்டியை எறிய ஆரம்பித்தார்கள். 2017-ல் அதைப் பத்து சென்டாக உயர்த்தியதும் புட்டிகள் மறுபடியும் திரும்பி வந்தன. ஜெர்மனியில் 2003-ம் வருஷம் முதல், ஒரு முறை உபயோகிக்கும் புட்டிக்கும் டின்னுக்கும் டெபாசிட் உண்டு. இருபத்தைந்து சென்ட். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் திரும்பி வருகின்றன. எடுத்துச் செல்லச் சோம்பல்படுகிறவர்கள் புட்டியைக் குப்பைத் தொட்டிக்குள் போடாமல் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறார்கள். ஏழைகள் அதை எடுத்துக் கொடுத்துக் காசு பெறுகிறார்கள்.

இந்தக் கடைசி விஷயத்தை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நம் ஊரிலும் விடியுமுன் கோணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு காகிதமும் புட்டியும் பொறுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். இன்றைக்கு அவர்கள் பொறுக்கும் புட்டிகளைப் பழைய சாமான் கடையில் எடை போட்டுத்தான் வாங்குகிறார்கள். காலிப் பிளாஸ்டிக் புட்டிக்கு எடை ஏது? ஒரு கோணி நிறையச் சேர்த்தாலும் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக் காணாது. புட்டி ஒன்றுக்கு ஐந்து ரூபாயோ பத்து ரூபாயோ என்று ஏற்பட்டால், இருபது புட்டி எடுத்தவருடைய வீட்டில் அன்று அடுப்பு எரியும். ஆறும் சுத்தமாகும். பணக்காரருடைய சோம்பலுக்கு அபராதமும், ஏழையின் உழைப்புக்குக் கூலியும் ஒரே நாணயத்தில் அடங்கிவிடுகின்றன.

* * *

எல்லா இடத்திலும் ஒரே நாளில் ஆரம்பிக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஆடி அமாவாசைக்குக் காரையாற்றில் சொரிமுத்து ஐயனாரைத் தரிசிக்க ஜனங்கள் திரள் திரளாகப் போகிறார்கள். பாபநாசத்தைத் தாண்டிப் போகும் அந்த மலைப் பாதைக்குச் சோதனைச் சாவடி இருக்கிறது. போகிறவர்களும் வருகிறவர்களும் அந்த ஒரே வாசலில்தான் நுழைந்து வெளியேற வேண்டும். டெபாசிட் முறை வேரூன்றுவதற்கு இதைவிடச் சௌகரியமான இடம் கிடைக்காது. அங்கே வெள்ளியங்கிரி முறையை நிரந்தர வழக்கமாக்கி, பிறகு பாபநாசம் படித்துறை, குறுக்குத்துறை, ஜங்ஷன் என்று ஆற்றோடு ஆறாகக் கீழே இறங்கி வரலாம். அப்புறம் எண்ணெய்ப் புட்டி, சர்பத்துப் புட்டி என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

அதுவரையில் நேயர்கள் வீட்டில் செய்யக்கூடியதும் உண்டு. வெளியே புறப்படும்போது கூஜாவில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போன நம் பாட்டிமார்களைக் கர்நாடகம் என்று பரிகசித்தோம். அந்தக் கூஜாவைப் பரணிலிருந்து இறக்கித் துலக்கி வைக்கலாம். திருப்பி வாங்கிக்கொள்ளும் புட்டியில் ஒரு பானம் கிடைக்குமானால், அதையே கேட்டு வாங்கலாம். கடைக்காரர் பத்துப் பேர் கேட்டால் சிரிப்பார். நூறு பேர் கேட்டால் தருவிப்பார்.

குறுக்குத்துறையில் வாங்கிய அந்தத் தண்ணீர்ப் புட்டி இப்போது காலியாகி, நம் மேஜையின் மேல் நின்றுகொண்டிருக்கிறது. எறிவதற்கு மனம் வரவில்லை. திருப்பிக் கொடுப்பதற்கோ ஆளில்லை. என்றைக்காவது ஒரு நாள், அந்த அண்ணாச்சி கோலி சோடாவுக்குக் கூப்பிட்ட அதே குரலில், "அண்ணாச்சி! தண்ணிப் புட்டியக் குடுத்துட்டுப் போங்க!" என்று கூப்பிடும் காலம் வரும் என்று நம்பி, அதைப் பத்திரமாக வைத்திருக்கிறோம்.